பிரிண்டர் தாளை இழுக்கவில்லையா, எழுத்து சரியாக விழவில்லையா? வீட்டிலேயே சரிசெய்ய ஒரு முழு வழிகாட்டி

போன வருடம் ஒரு ராத்திரி, மாடி வீட்டு அக்கா பதறிக்கொண்டு வந்து கூப்பிட்டார். மறுநாள் காலை மகளுக்கு நுழைவுத் தேர்வு. ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுத்தால் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, நடுநடுவே வெள்ளைக் கோடு விழுந்து வருகிறது. போட்டோவில் பெண்ணின் முகமே இரண்டு துண்டாகத் தெரிந்தது.

"ஹெட் கிளீனிங் எத்தனை தடவை கொடுத்தீங்க அக்கா?"

"ஏழெட்டு தடவை இருக்கும் தம்பி. ஒண்ணும் மாறலை."

ஹெட் என்பது மையைத் தாளில் தெளிக்கும் பாகம்; அதன் அடைப்பை எடுக்கும் வேலைதான் ஹெட் கிளீனிங். மை டேங்கைப் பார்த்தேன். சிவப்பு மை அடிக்கோட்டை ஒட்டி நின்றது. ஹெட்டின் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் நாசில் செக் என்ற சோதனைத் தாளை எடுத்துப் பார்த்தேன். ஒரு கோடுகூட அறுபடவில்லை, ஹெட் நன்றாகத்தான் இருந்தது. கோளாறு பின்னால் இருந்தது. தட்டில் ஒரு கட்டுத் தாளைத் திணித்து, பக்கவாட்டுத் தடுப்பை இறுக்கி வைத்திருந்தார்கள். தாள் நகர முடியாமல் தடுமாறித் தடுமாறி இறங்கியிருக்கிறது. தாளை எடுத்து, 15 தாள் மட்டும் வைத்து, தடுப்பைக் கொஞ்சம் தளர்த்தினேன். அடுத்த பிரதியே சுத்தமாக வந்தது.

பதினான்கு வருடம் டிடிபி கடை வைத்திருந்தவன் நான். வீட்டு பிரிண்டர்களில் நான் அதிகம் பார்த்த தவறு இதுதான்: கோளாறு எங்கே என்று பார்க்காமல் ஹெட் கிளீனிங் பட்டனை அமுக்குவது. தாள் பிரச்சினையா, தாளை இழுக்கும் ரோலர் பிரச்சினையா, மை பிரச்சினையா என்று முதலில் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: எது கோளாறு என்று பிரித்துப் பாருங்கள்

முதலில் நாசில் செக் எடுங்கள். கம்ப்யூட்டரில் பிரிண்டர் அமைப்புக்குள் மெயின்டனன்ஸ் பகுதியில் இருக்கும். பல மாடல்களில் பிரிண்டரின் பட்டன்களை வைத்தே எடுக்கலாம். படிக்கட்டு மாதிரி சின்னச் சின்னக் கோடுகளோ, கட்டங்களோ விழும். அதில் இடைவெளி இருந்தால் மைப் பக்கம் கோளாறு. முழுமையாக இருந்தும் நீங்கள் அச்சிடும் தாள் மோசமாக வந்தால் தாள், ரோலர், அமைப்பு, அலைன்மென்ட் (ஹெட்டை நேர்ப்படுத்துவது) இவற்றில் ஒன்று. மைக்குப் பதில் டோனர் என்ற தூளால் அச்சிடும் லேசர் பிரிண்டராக இருந்தால் இதற்குப் பதிலாக அதன் சொந்தச் சோதனைப் பக்கத்தை எடுங்கள்.

அடுத்தது, ஸ்கேனர் உள்ள பிரிண்டர் என்றால் கண்ணாடியில் ஏதாவது ஒரு நல்ல தாளை வைத்து ஜெராக்ஸ் எடுங்கள். ஜெராக்ஸ் நன்றாக வந்து, கம்ப்யூட்டரிலிருந்து கொடுப்பது மட்டும் கெட்டுப்போனால் பிரிண்டரைத் தொடவே வேண்டாம், அமைப்பைப் பாருங்கள். ஜெராக்ஸில் மட்டும், அதுவும் மேலே உள்ள தானியங்கி ஃபீடர் வழியாக எடுக்கும்போது மட்டும் நீளக் கோடு விழுகிறதா? பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் விரல் அகலத்தில் ஒரு நீளமான கண்ணாடித் துண்டு இருக்கும். அதில் ஒட்டியிருக்கும் ஒரு புள்ளி அழுக்குதான் பக்கம் முழுக்கக் கோடாகிறது. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும்.

அமைப்பு என்றதும் ஒன்று. கம்ப்யூட்டரில் தாள் அளவு லெட்டர் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்கர்கள் பயன்படுத்தும் அளவு அது, 216 × 279 மி.மீ. நம் ஏ4 தாள் 210 × 297 மி.மீ. அளவு மாறி நின்றால் ஓரம் வெட்டுப்படும்; சில பிரிண்டர்கள் தாள் பொருந்தவில்லை என்று நின்றேவிடும். எழுத்து வெளிறி வந்தால் டிராஃப்ட் அல்லது டோனர் சேவ் என்ற சிக்கன அமைப்பைப் போட்டு வைத்திருக்கிறீர்களா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

படி 2: தாளைச் சந்தேகப்படுங்கள்

தாள்தானே என்று யாரும் இதைக் கண்டுகொள்வதில்லை. என் அனுபவத்தில் தாள் இழுக்காத பிரிண்டர்களில் பாதி, தாளை மாற்றியதும் ஓடியிருக்கின்றன.

அப்பளம் நமத்துப்போவது போலத் தாளும் நமத்துப்போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில், முக்கியமாகக் கடலோர ஊர்களில், பிரித்து வைத்த கட்டு இரண்டே நாளில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும். ஒரு தாளை ஓரத்தில் பிடித்து வேகமாக ஆட்டிப் பாருங்கள். நல்ல தாள் சடசடவென்று சத்தம் போடும். நமத்த தாள் துணி மாதிரி மெத்தென்று அசையும். அப்படிப்பட்ட தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இரண்டு மூன்றாகப் போகும், இல்லையென்றால் ஓரம் சுருண்டு சிக்கும். லேசரில் அதே தாள் சுருங்கி வரும், வெளியே வரும் இடத்தில் ஆவிகூடத் தெரியும்.

எந்த கம்பெனி தாள் நல்லது என்று பலர் கேட்பார்கள். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் டிஎன்பிஎல் ஆலை கரும்புச் சக்கையிலிருந்து செய்யும் தாளும் சரி, மற்ற பெயருள்ள கம்பெனிகளின் தாளும் சரி, 70 முதல் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரை எது வாங்கினாலும் வீட்டு பிரிண்டருக்குப் போதும். எப்படி வைத்திருக்கிறோம் என்பதில்தான் விஷயம். 500 தாள் கட்டின் உறைக்கு உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதே ஈரம் உள்ளே போகாமலிருக்கத்தான். அதைக் கிழித்து எறியாதீர்கள். வேண்டியதை எடுத்துக்கொண்டு, மடித்து மூடி, படுக்கவைத்து, தரையில் படாமல் அலமாரியில் வையுங்கள். சாய்த்து நிறுத்தினால் வளைந்துவிடும். உறையில் அம்புக்குறி போட்டு எந்தப் பக்கம் முதலில் அச்சிட வேண்டும் என்று காட்டியிருந்தால் அதன்படி வையுங்கள்; சுருளுவது குறையும்.

வைக்கும் முறைக்கும் ஒரு பழக்கம் இருக்கிறது. தாள்களைக் கையில் எடுத்து, சீட்டுக்கட்டு மாதிரி ஓரத்தை விரலால் விசிறிவிட்டு, மேசையில் நான்கு பக்கமும் தட்டிச் சேர்த்து, பிறகு தட்டில் வையுங்கள். பின் தட்டு உள்ள மாடல்களில் தாளைக் கீழே அழுத்தக் கூடாது. அது தானாக இறங்கி எங்கே நிற்கிறதோ அதுதான் இடம். அழுத்தினால் முனைகள் ரோலருக்கு அடியில் நுழைந்து கத்தையாகப் போகும். பக்கவாட்டுத் தடுப்பு தாளைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும், நெருக்கக் கூடாது. தளர்வாக விட்டால் தாள் கோணலாகப் போகும். இறுக்கினால் அக்காவின் ஹால் டிக்கெட் கதைதான். அதிகபட்சக் கோடு வரை நிரப்பலாம் என்று புத்தகத்தில் இருந்தாலும் நான் 30 தாளுக்கு மேல் வைப்பதில்லை. வேலை முடிந்ததும் மிச்சத்தை எடுத்து உறைக்குள் வைத்துவிடுவேன்.

ஒரு பக்கம் அச்சான பழைய தாளைத் திருப்பிப் போடும் பழக்கம் நமக்கெல்லாம் உண்டு. சிக்கனம் நல்லதுதான். ஆனால் ஸ்டேப்ளர் பின் இருந்த தாள், முனை மடங்கிய தாள், மை காயாத தாள் வேண்டவே வேண்டாம்.

படி 3: ரோலரைச் சுத்தம் செய்யுங்கள்

தாள் நல்லதாக இருந்தும், பிரிண்டர் 'கர்ர்' என்று சுற்றிவிட்டுத் தாள் இல்லை என்று சொன்னால் தாளை இழுக்கும் ரோலர் வழுக்குகிறது. புது ரோலரைத் தொட்டால் ரப்பர் செருப்பின் அடிப்பாகம் மாதிரி பிடிக்கும். பார்க்கவும் மங்கலாக இருக்கும். நாளாக ஆகத் தாளின் தூசி படிந்து பளபளவென்று ஆகிவிடும். பளபளப்புதான் அடையாளம்.

செய்யும் முறை இது:

1. பிரிண்டரை அதன் பட்டனில் அணைத்து, பிறகு பிளக்கைப் பிடுங்குங்கள். தாள்களை வெளியே எடுங்கள். முன்தட்டு மாடல் என்றால் தட்டை முழுவதும் உருவிவிடுங்கள்.

2. டார்ச் அடித்து ரோலர் எங்கே என்று பாருங்கள். பின் தட்டு மாடலில் தட்டின் அடியில், தாள் நுழையும் இடத்தில் கருப்பாகவோ சாம்பல் நிறத்திலோ தெரியும். முன்தட்டு மாடலில் தட்டை எடுத்த குகைக்குள், மேல்பக்கம் இருக்கும்.

3. நூல் பிரியாத பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்து, சொட்டாதபடி பிழிந்து, ரோலரை அகலவாக்கில் தேய்த்துத் துடையுங்கள். கை போகாவிட்டால் ஐஸ் குச்சியில் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். துணியில் கருப்பு வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும்.

4. ரோலரைக் கையால் சுற்ற முடிந்தால் சுற்றிச் சுற்றித் துடையுங்கள். சுற்றவில்லை என்றால் பல்சக்கரத்தை வலுக்கட்டாயமாகத் திருப்பாதீர்கள். தெரியும் பாகத்தைத் துடைத்து, பிரிண்டரைப் போட்டு ஒரு தாள் ஓட்டி, மறுபடி அணைத்து, இப்போது வெளியே வந்திருக்கும் பாகத்தைத் துடையுங்கள்.

5. பத்து நிமிடம் காயவிட்டுத் தாள் வையுங்கள்.

தண்ணீரில் போகாத பிசுக்கு இருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஓரிரு சொட்டு போதும். அடிக்கடி போட்டால் ரப்பர் காய்ந்து வெடிக்கும். பெட்ரோல், தின்னர் பக்கமே போகாதீர்கள். உப்புத்தாளால் ரோலரைச் சொரசொரப்பாக்கும் ஒரு வழக்கம் கடைகளில் உண்டு. கொஞ்ச நாள் இழுக்கும், அப்புறம் ரோலர் தேய்ந்து சின்னதாகிவிடும். நான் அதைச் செய்வதில்லை.

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று தாள் போவது தனிக் கதை. ரோலருக்கு எதிரே கார்க் மாதிரியோ ரப்பர் மாதிரியோ ஒரு சின்னப் பட்டை இருக்கும். மேல் தாளை மட்டும் விட்டு, கீழ்த் தாளைப் பிடித்துக்கொள்வது அதன் வேலை. அதையும் அதே ஈரத்துணியால் துடையுங்கள். தொட்டால் வழவழவென்று இருந்தால் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான்.

படி 4: சிக்கிய தாளை எடுப்பது

இந்த இடத்தில் அவசரம் கூடாது. பல பிரிண்டர்களை நிரந்தரமாகக் கெடுத்தது சிக்கிய தாள் அல்ல, அதை இழுத்த வேகம்.

அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். லேசர் என்றால் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். டோனரை உருக்கும் ஃபியூசர் பாகம் 200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகும். பிறகு தாள் எந்த வழியில் போகுமோ அதே திசையில், இரண்டு கையாலும் இரண்டு ஓரத்தையும் பிடித்து, சமமாக, மெதுவாக இழுங்கள். ஒரு கையால் ஒரு மூலையை இழுத்தால் கிழியும். பல மாடல்களில் பின்பக்கம் கழற்றக்கூடிய ஒரு மூடி இருக்கிறது. இரண்டு பக்கமும் தாள் எட்டினால் எந்தப் பக்கம் அதிகம் வெளியே இருக்கிறதோ அந்தப் பக்கம் எடுங்கள்.

கிழிந்துவிட்டதா? வெளியே வந்த துண்டுகளை மேசையில் வைத்து, ஏ4 முழுதாகச் சேர்கிறதா என்று பொருத்திப் பாருங்கள். ஒரு முறை எல்லாம் எடுத்துவிட்டேன் என்று நினைத்த பிரிண்டர் மறுபடி மறுபடி சிக்கியது. துண்டுகளைப் பொருத்தியபோது இடது மூலையில் ஒரு முக்கோணம், சுண்டுவிரல் நகம் அளவு, குறைந்தது. டார்ச்சைச் சாய்த்து அடித்துத் தேடினால், ரோலர் அச்சுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு முனை. சிறு இடுக்கியால் எடுத்தேன். அன்றிலிருந்து பொருத்திப் பார்க்காமல் மூடியை மூடுவதில்லை.

தாளே இல்லாமல் பேப்பர் ஜாம் என்று காட்டினால் இரண்டு விஷயம் பாருங்கள். பின் தட்டு எப்போதும் வாய் திறந்திருப்பதால் அதற்குள் ஹேர்பின், சில்லறை, பென்சில் துண்டு, குழந்தைகளின் சீட்டு எல்லாம் விழும். பல்லியும் கரப்பானும்கூட உள்ளே குடியிருக்கும். இன்னொன்று சென்சார் லீவர்: தாள் போகும் வழியில் கொடி மாதிரி ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கு. விரலால் லேசாகத் தள்ளினால் சாய்ந்து, விட்டால் தானாக நிமிர வேண்டும். நிமிரவில்லை என்றால் அடியில் ஏதோ தடுக்கிறது.

மூடியைத் திறந்ததும், ஹெட் ஓடும் பாதைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி மெல்லிய ஒரு பிளாஸ்டிக் நாடா கட்டியிருக்கும். குப்பை என்று நினைத்து அதை இழுத்துவிடாதீர்கள். ஹெட் தான் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது அதை வைத்துத்தான். அதில் மையோ கிரீஸோ படிந்தால் ஹெட் ஓரத்தில் போய் 'டமார்' என்று இடிக்கும். தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால், நாடாவை இழுக்காமல், பட்டும் படாமல் துடைத்தால் போதும்.

படி 5: மை பிரிண்டரில் எழுத்து, நிறம் கெட்டால்

நாசில் செக் தாளைப் பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள். கருப்பில் இடைவெளி என்றால் எழுத்தில் குறுக்கே வெள்ளைக் கோடு விழும். சிவப்பு, அதாவது மெஜந்தா, வரவில்லை என்றால் போட்டோ பச்சை அடிக்கும். நீலம் இல்லையென்றால் எல்லாம் செம்மஞ்சளாகும். மஞ்சள் இல்லையென்றால் முகம் ஊதாவாகும். வெள்ளைத் தாளில் மஞ்சள் கோடுகள் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அதற்கு ஒரு வழி சொல்கிறேன்: போனில் முழு நீல நிறப் படம் ஒன்றைத் திறந்து, விளக்கை அணைத்துவிட்டு, அந்த வெளிச்சத்தைத் தாளின்மேல் காட்டுங்கள். மஞ்சள் மை நீல ஒளியை விழுங்கிவிடுவதால் கோடுகள் கருப்பாகத் தெரியும். எந்தக் கோடு அறுந்திருக்கிறது என்று எண்ணிவிடலாம்.

இடைவெளி இருந்தால்தான் ஹெட் கிளீனிங். ஒரு தடவை கொடுத்து, நாசில் செக் எடுத்து, பழைய தாளோடு ஒப்பிடுங்கள். முன்னேற்றம் தெரிந்தால் இன்னொரு தடவை. மூன்றுக்கு மேல் தொடர்ந்து போகாதீர்கள். எப்சன் தன் டேங்க் மாடல்களுக்கு, மூன்று தடவையில் சரியாகாவிட்டால் குறைந்தது 12 மணி நேரம் அச்சிடாமல் விட்டுவிட்டு மறுபடி பார்க்கச் சொல்கிறது. கேனான் மாடல்களில் டீப் கிளீனிங் கொடுத்தும் சரியாகாவிட்டால் 24 மணி நேரம் அணைத்து வைக்க வேண்டும். காத்திருப்பதும் ஒரு வைத்தியம்தான்: குழாயில் புகுந்த காற்றுக் குமிழ் ஏறிப் போகவும், காய்ந்த மை ஊறவும் நேரம் வேண்டும். ராத்திரி விட்டுவிட்டுக் காலையில் எடுத்தால் தானாகத் திறந்திருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

பவர் கிளீனிங் கடைசி ஆயுதம். குழாயிலுள்ள மையை மொத்தமாக மாற்றும் வேலை அது. டேங்கில் மூன்றில் ஒரு பங்காவது மை இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். மை குறைவாக இருந்தால் காற்றை இழுத்து, இருப்பதைவிட மோசமாகிவிடும். அதே காரணத்தால்தான் டேங்கின் அடிக்கோட்டுக்குக் கீழே மையைப் போகவிடக் கூடாது.

நாசில் செக் முழுமையாக இருந்தும் செங்குத்துக் கோடுகள் நெளிந்தால் ஹெட் அலைன்மென்ட் செய்யுங்கள். போட்டோவில் சீரான இடைவெளியில் குறுக்குக் கோடுகள் விழுந்தால் தாள் வகை தவறாக இருக்கிறது. போட்டோ தாளை வைத்துவிட்டுச் சாதாரணத் தாள் என்று விட்டிருப்பீர்கள். போட்டோ தாளில் மை உறையாமல் குளம் கட்டி நின்றால் தாளைத் திருப்பி வைத்திருக்கிறீர்கள். ஈரவிரலால் மூலையைத் தொட்டால் லேசாக ஒட்டும் பக்கம்தான் அச்சிடும் பக்கம்.

படி 6: லேசர் என்றால்

நடுவில் நீளவாக்கில் வெளிறினால் டோனர் குறைந்திருக்கிறது. கார்ட்ரிட்ஜை எடுத்து, கிடைமட்டமாகப் பிடித்து, ஐந்தாறு தடவை இடம் வலமாக மெதுவாக ஆட்டிப் போட்டால் இன்னும் சில பக்கம் வரும். எடுத்த கார்ட்ரிட்ஜை வெளிச்சத்தில் விடாதீர்கள், கருந்துணி போட்டு மூடுங்கள்; அதில் பச்சையாகவோ நீலமாகவோ பளபளக்கும் டிரம் என்ற உருளை வெளிச்சத்தில் கெட்டுப்போகும். விரலும் படக் கூடாது.

ஒரே கறை திரும்பத் திரும்ப விழுகிறதா? ஸ்கேலை எடுத்து, ஒரு கறைக்கும் அடுத்த கறைக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். எச்பியின் 12ஏ, 88ஏ போன்ற சிறிய கார்ட்ரிட்ஜ்களில் டிரம்மின் விட்டம் சுமார் 24 மி.மீ., சுற்றளவு சுமார் 75 மி.மீ. கறை 75 மி.மீ.க்கு ஒன்று என்றால் டிரம்மில் கீறல் அல்லது அழுக்கு. கார்ட்ரிட்ஜை மாற்றினால் சரியாகும், பிரிண்டரைப் பிரிக்க வேண்டியதில்லை. இந்த ஒரு அளவு தெரிந்திருந்தால் தேவையில்லாத செலவு மிச்சம்.

ரீஃபில் செய்த பிறகு பக்கம் முழுக்கச் சாம்பல் பூத்தால் டோனர் தூள் பொருந்தவில்லை அல்லது உள்ளே கழிவுத் தூள் நிறைந்திருக்கிறது. ரீஃபில் செய்தவரிடமே திருப்பிக் கொடுங்கள். விரலால் தேய்த்தால் எழுத்து உதிர்கிறது என்றால் சூடு போதவில்லை. தடித்த தாளுக்கு அதற்கான தாள் வகையைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். சாதாரணத் தாளிலும் உதிர்ந்தால் ஃபியூசர் போய்விட்டது. டோனர் துணியில் கொட்டினால் உதறிவிட்டுக் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். லேசரை வீட்டு யுபிஎஸ்ஸில் செருக வேண்டாம். ஃபியூசர் சூடாகும்போது இழுக்கும் மின்சாரத்தைச் சின்ன யுபிஎஸ் தாங்காது.

அணைப்பதும், எடுத்துப் போவதும்

நம் வீடுகளில் எல்லாவற்றையும் சுவர் சுவிட்சில் அணைப்பது வழக்கம். மை பிரிண்டருக்கு அது கூடாது. பிரிண்டரின் பட்டனை அமுக்கினால்தான் ஹெட் ஓரத்துக்குப் போய், ரப்பர் மூடிமேல் உட்காரும். நடுவழியில் மின்சாரத்தை வெட்டினால் ஹெட் திறந்தபடி நின்று காயும். விளக்கு முழுவதும் அணைந்த பிறகு சுவர் சுவிட்சைத் தொடுங்கள். வாரத்துக்கு ஒரு முறை எல்லா நிறமும் உள்ள ஒரு சின்னப் படத்தை அச்சிடுங்கள். அதற்குச் செலவாகும் மை, ஒரு ஹெட் கிளீனிங்குக்கு ஆவதைவிடக் குறைவு.

கிளீனிங்கில் வெளியேறும் மை எங்கே போகிறது தெரியுமா? அடியில் ஒரு பஞ்சுப் பட்டைக்குள். பிரிண்டர் அதற்குக் கணக்கு வைத்திருக்கிறது. நிறைந்தால் வேலையை நிறுத்திவிடும். சில புது மாடல்களில் இந்தக் கழிவு மை சேரும் மெயின்டனன்ஸ் பாக்ஸை நாமே மாற்றலாம். மற்றவற்றில் சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். பஞ்சை மாற்றாமல் கணக்கை மட்டும் அழிக்கும் மென்பொருளைப் போடாதீர்கள், மை வழிந்து மேசையில் வந்து நிற்கும்.

சர்வீஸுக்கு எடுத்துப் போகும்போது டேங்க் மூடிகளை இறுக்கி, போக்குவரத்துப் பூட்டு இருந்தால் அதையும் பூட்டி, படுக்கையாகவே கொண்டுபோங்கள். ஸ்கூட்டரில் காலுக்கு நடுவே சாய்த்து வைத்தால் மை உள்ளே கொட்டிவிடும். ஆட்டோ சீட்டில் வைத்துப் பிடித்துக்கொள்வது நல்லது. கடைசியாக எடுத்த நாசில் செக் தாளையும் கோளாறான பக்கத்தையும் கூடவே எடுத்துப் போங்கள். பிரிண்டரைத் திறப்பதற்கு முன்பே மெக்கானிக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும்.